பாக்கெட் பைனாகுலர்: 8 போதுமா, 10 வேண்டுமா?

ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை. வேடந்தாங்கல் ஏரிக்கரை. மர உச்சியில் நிற்கும் நத்தைகுத்தி நாரையைப் பார்க்க, குடும்பத்துக்கே ஒரு பைனாகுலர் கை மாறிக்கொண்டிருக்கிறது. பேரன் பார்த்துவிட்டான், அப்பா பார்த்துவிட்டார். பாட்டியின் முறை வந்ததும், "எனக்கு ஒரே கறுப்பாத்தான்டா தெரியுது" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

பாட்டியின் கண்ணில் கோளாறு இல்லை. வாங்கும்போது யாரும் அவரை நினைக்கவில்லை, அவ்வளவுதான்!

அந்த இரண்டு எண்கள்

பைனாகுலரில் 8×21, 8×25, 10×25 என்று போட்டிருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 8 என்றால், 80 மீட்டர் தள்ளியிருக்கும் பறவை 10 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். இரண்டாவது எண், முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 8×25-க்கு சுமார் 3.1 கிடைக்கும், 10×25-க்கு 2.5. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் இது. நல்ல வெயிலில் நம் கண்பாவையே 2 முதல் 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால் பகலில் இது போதும். இருட்டத் தொடங்கினால் கண்பாவை விரியும். அப்போது பாக்கெட் பைனாகுலரில் காட்சி மங்கும்.

'10 தானே பெரிசு?'

பெரிதுதான். ஆனால், கை நடுக்கமும் 10 மடங்காகத் தெரியும். ஒரே நேரத்தில் கண்ணில் படும் பரப்பும் பொதுவாகக் குறையும். பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும். குழந்தைகளும் பெரியவர்களும் பயன்படுத்தப்போகிறார்கள் என்றால் 8 போதும்.

சுற்றுலாத் தலங்களில் 30×60 என்று எழுதிய குட்டி பைனாகுலரைக் காட்டினால், ஒரு ஸ்கேலை எடுத்து முன்பக்க லென்ஸை அளந்து பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவியில் 60 மி.மீ. லென்ஸ் இரண்டு எப்படி இருக்கும்? ரூபி சிவப்பில் மின்னும் லென்ஸும் அழகுக்குத்தான். சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், பார்க்கும் காட்சி பச்சை, நீலச் சாயலில் தெரியும்.

எது யாருக்கு?

நிக்கான் அக்குலான் டி01, 8×21: சுமார் 195 கிராம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோயில் கோபுரச் சிற்பம், கிரிக்கெட் மைதானம் என்று எங்கும் எடுத்துப் போகலாம். ஆனால், கண்ணுக்கும் லென்ஸுக்கும் இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 10 மி.மீ.தான். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குக் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படும்.

ஸைஸ் டெர்ரா இடி பாக்கெட், 8×25: சுமார் 310 கிராம். தண்ணீர் புகாது. அந்த இடைவெளி 16 மி.மீ. என்பதால் கண்ணாடியோடு பார்க்கலாம். விலை பல மடங்கு அதிகம். அடிக்கடி பயணம் போகிறவர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும்.

பென்டாக்ஸ் பாப்பிலியோ 2, 6.5×21: அரை மீட்டர் தூரத்தில் இருப்பதையும் ஃபோகஸ் செய்யும். வீட்டுத் தோட்டத்துப் பட்டாம்பூச்சியின் இறக்கையைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஏற்றது. சற்றுப் பருமனானது, சட்டைப் பையில் அடங்காது.

வாங்கும் முன்...

* மூக்குக்கண்ணாடி அணிபவர் வீட்டில் இருந்தால், 'ஐ ரிலீஃப்' 15 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். கண்ணாடியோடு பார்க்கும்போது ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட வேண்டும்.

* இரண்டு குழல்களையும் மடக்கி, பார்ப்பவரின் கண்களுக்கு இடையே உள்ள தூரத்துக்கு வையுங்கள். ஒவ்வொருவர் கைக்கு மாறும்போதும் இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கறுப்புத் திட்டுதான் தெரியும்.

* இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு என்றால், வலது கண் லென்ஸில் உள்ள வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யலாம். பெரும்பாலான மாடல்களில் இந்த வசதி உண்டு.

* பைனாகுலரில் சூரியனைப் பார்க்கவே கூடாது. நொடிப் பொழுதில் விழித்திரை பாதிக்கப்படலாம், அதுவும் வலி தெரியாமலே. கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பதும் ஆபத்துதான். பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் கடைக்குப் பாட்டியையும் அழைத்துப் போங்கள். எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை அவர் சிரமமில்லாமல் படித்துவிட்டால், அந்த பைனாகுலர் வீட்டில் எல்லோருக்கும் சரிவரும்.