நற்சாட்சியா? கணக்கா?

கனடாவில் நிரந்தர வாச உரிமை கேட்டு, 2015-ல் ஏற்பட்ட எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைப்படி விண்ணப்பம் போடும் தொழிலாளி, தான் பார்த்த வேலைக்கு, அது சென்னையிலானாலும் சரி, டொராண்டோவிலானாலும் சரி, முதலாளியிடமிருந்து கடிதம் வாங்கி வைக்க வேண்டுமென்பது அந்தச் சர்க்காரின் நிபந்தனை. பதவி, தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம், செய்த வேலை இன்னின்னது என்பவைகளைக் கண்டு, கம்பெனியின் தலைப்புத் தாளில் மேலதிகாரி கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

ஆனால் முதலாளிமார் கொடுப்பதென்ன? "இவர் நல்லவர், உழைப்பாளி" என்று இரண்டு வரி! நல்லவரா கெட்டவரா என்று அங்கே யார் கேட்டார்கள்? பட்டப்பெயரைப் பார்த்தல்ல, செய்த வேலையைப் பார்த்தே அதிகாரி தீர்மானிக்கிறார். வேலையைச் சொல்லாத கடிதம் விலாசமில்லாத தபாலுக்குச் சமானமேயாகும்.

அழைப்பு வந்தபின் கெடுவோ 60 நாள். அதற்குள் தொழிலாளி கைகட்டிக்கொண்டு மேனேஜர் அறை வாசலில் நிற்கிறார். அவரோ பிச்சை போடுகிற பாவனையில் நாளைக்கு வா என்கிறார். வாங்கிய உழைப்புக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது தர்மமா? கடனா? கடனென்றே சொல்லுவோம்.

மறுத்துவிட்டால், சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், வரிக் காகிதம் ஆகியவைகளோடு, கடிதம் கிடைக்காத காரணத்தையும் எழுதி வைக்கலாம். ஒப்புக்கொள்வது அதிகாரியின் இஷ்டம். கடிதத்தை ஜோடித்துவிடலாமென்று சில தரகர்கள் சொல்லக்கூடும். நம்ப வேண்டாம். பொய் வெளிப்பட்டால் 5 வருஷத்துக்குத் தடை, தொழிலாளிக்கு. முதலாளி எழுதிக் கொடுத்தே தீரவேண்டுமென்றோ அந்தக் குடிவரவு விதிகளில் ஒரு வரியும் கிடையாது.