பணியொழுங்கு ஆங்கிலத்தின் தனியுடைமையா?

வேலையில் ஒழுங்கு வேண்டுமா? ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொள். குறித்த நாளில் பணியை முடிக்க வேண்டுமா? அதற்கும் ஆங்கிலச் சொற்களையே கற்றுக்கொள். இன்று தமிழிளைஞன் காதில் இடைவிடாது ஓதப்படும் ஓத்து இதுவே. 'டெட்லைன்', 'பிரையாரிட்டி', 'செட்யூல்', 'பென்டிங்' என ஐம்பது சொற்களை நெட்டுருப் போட்டவன் திறமையாளனாம். அவற்றை அறியாதவன் எத்துணைச் செவ்வையாக உழைத்தாலும் பட்டிக்காட்டானாம்! கடையில் கணக்கெழுதுபவனும், பட்டறையில் பணிபுரிபவனும், மருத்துவமனையில் சீட்டெழுதுபவளும் இம்மயக்கத்திற்கு ஆட்பட்டுக் காசையும் காலத்தையும் இழக்கின்றனர். ஆங்கிலமொழியைக் கற்பது வேறு. ஒழுங்கே ஆங்கிலத்தோடு வந்தது என்று நம்புவது வேறு. முன்னது கல்வி, பின்னது அடிமைமனம்.

இம்மயக்கம் செட்டிநாட்டு மண்ணிலும் வேரூன்றியிருப்பதுதான் பெரும் நாணக்கேடு. திருக்கோட்டியூரிலிருந்து திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடிக்கு வேலை தேடிச் செல்லும் இளைஞன், தான் எந்த மண்ணைக் கடந்து செல்கிறான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இம்மண்ணின் நகரத்தார், இலங்கை, பருமா, மலேயா, சிங்கப்பூர், சைகோன் எனக் கடல்கடந்து கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள். 1929–30இல் பருமாவில் ஆங்கில ஆட்சி அமைத்த வைப்பகத்தொழில் உசாவற்குழு, அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தனவாகவும், அவற்றின் முதல் ஏறத்தாழ 75 கோடி உருபா எனவும் கணக்கிட்டது. அத்துணைக் கடைகளின் கணக்கேடுகளும் எம்மொழியில் இருந்தன? தமிழில்!

அன்றன்றைய கொடுக்கல் வாங்கலைப் பதியக் 'குறிப்பு'. அதனைப் பெயர் பெயராகப் பிரித்தேற்றப் 'பேரேடு'. ஒவ்வொரு பெயரின்கீழும் பற்றும் வரவும். எல்லாவற்றையும் கூட்டிக் கடையின் நிலையைக் காட்ட 'ஐந்தொகை'. குறித்த காலத்திற்கு இட்டுவைத்த பணத்திற்குத் 'தவணை'. கேட்டபோது திருப்புவதற்கு 'நடப்பு'. அந்நடப்பு வட்டியையும் கடைக்குக் கடை மனம்போனபடி வைக்கவில்லை. தமிழ்த் திங்கள்தோறும் இரங்கூன் நகரத்தார் கோயிலில் கூடிப் பேசி வரையறுத்தனர். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என ஆள்வரிசையும் இருந்தது. எவர் எவ்வேலைக்குப் பொறுப்பு என்பதில் குழப்பமில்லை. மேலாள் பெரும்பாலும் மூன்றாண்டு இருந்து மாறுவார். கடை மாறாது நடக்கும். முதலாளி செட்டிநாட்டில் இருந்தபடியே கடல்கடந்த கடையின் நிலையை ஐந்தொகையில் கண்டறிவார்.

சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் ஒரே கிட்டங்கியில் பலர் கடை நடத்தினர். ஒருவர்க்கு ஒரு கைப்பெட்டி, ஒரு பேழை, அமர்ந்தெழுத ஓரிடம், அவ்வளவே. அந்தச் சிறு இடத்தில் பெருந்தொகைகள் காசு பிசகாமல் கைமாறின. இதனினும் பணியொழுங்கு வேறுண்டோ? ஆங்கிலர் 'கோடவுன்' என்று வழங்குவதும் மலாய்வழிச் சென்ற தமிழ்க் 'கிடங்கு' என்றே சொல்லாய்வாளர் பலர் கூறுவர். கொடுத்தவனே கடன்காரனைப்போல் கைகட்டி நிற்பதை என்னென்பது!

இங்குப் போற்றப்படுவது வட்டித்தொழில் அன்று. 1930களில் நெல்விலை வீழ்ந்தபோது பருமிய உழவர் நிலங்கள் பெருமளவில் கடைக்காரர் கைக்கு மாறியதும், அதனால் பகை மூண்டதும் மறைக்கத்தகாத வரலாறு. போற்றப்படுவது ஒழுங்கு, அவ்வொழுங்கைத் தாங்கிய தமிழ்.

இனி, அவர்கள் ஓதும் சொற்களின் தகுதியைப் பார்ப்போர்க்கு உண்மை விளங்கும். 'டெட்லைன்' என்பது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் வழங்கிய சொல். அக்கோட்டைக் கடந்த சிறையாளன் சுட்டுக் கொல்லப்பட்டான். பிற்காலத்தே அது செய்தித்தாள் நிலையங்களில் புகுந்து, பணிமுடிக்கும் நேரத்தைக் குறிக்கலாயிற்று. இதனை நெட்டுருச் செய்பவர் எத்தனைபேர் பொருளறிந்து சொல்கின்றனர்? 'கெடு' என்னும் தமிழ்ச்சொல்லோ சிற்றூர்க் கிழவிக்கும் விளங்கும். "பத்து நாள் கெடு" என்றால் அகராதி தேவையில்லை. முன்னுரிமை, நிலுவை, நினைவூட்டு, நாட்குறிப்பு, நிகழ்ச்சிநிரல், பொறுப்பாளர் என எல்லாம் பொருளைத் தம்முள்ளேயே வைத்திருக்கும் சொற்கள். பொருள் விளங்கினால்தான் வேலை விளங்கும். வேலை விளங்கினால்தான் ஒழுங்கு பிறக்கும்.

விளங்காத சொல்லைப் பணியிடத்தில் புகுத்துவது அறிவைப் பரப்புவதற்கன்று. சிலர்க்குள் அடைத்து வைப்பதற்கே. அறிந்தவன் மேலே, அறியாதவன் கீழே. இவ்வடைப்பை உடைத்த வரலாறு திருக்கோட்டியூருக்கே உரியது. பதினெட்டு முறை நடந்துவந்து நம்பியிடம் பெற்ற மறைமொழியை, எவர்க்கும் சொல்லலாகாது என்ற தடையையும் மீறி, அவ்வூர்க் கோயிலின் மேலேறி எல்லார்க்கும் உரக்கச் சொன்னார் இராமானுசர் என்பது வழிவழி வரும் செய்தி. சமயத்தை ஏற்பார் ஏற்க, மறுப்பார் மறுக்க. அச்செயலின் கருத்து தெளிவானது. சிலர்க்கென்று பூட்டிய அறிவு அறிவன்று. அவ்வூர்ப் பிள்ளைகளே இன்று ஆங்கிலப் பூட்டைத் தம் வாயில் தாமே பூட்டிக்கொள்வதா?

சொல் இல்லை என்பாரும் உளர். 1956இல் தமிழ் ஆட்சிமொழியாகச் சட்டம் இயற்றப்பட்டது. கோப்பு, சுற்றறிக்கை, குறிப்பாணை, பணிப்பதிவேடு என்று ஆட்சிச் சொற்கள் நூறுநூறாக அலுவலகங்களில் வழங்குகின்றன. ஏட்டில் 'சுற்றறிக்கை' என்று எழுதும் கை ஓய்ந்தவுடன் வாய் 'சர்க்குலர்' என்கிறது! குறை சொல்லிலா, சொல்பவனிடத்திலா?

"வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலம் வேண்டாவா?" என்பர். வேண்டுவோர் நன்றாகவே கற்கட்டும்; ஐம்பது சொல்லோடு நில்லாமல் மொழியாகவே கற்கட்டும். பருமாவிற் கடைவைத்தோர் பருமியரோடு பருமிய மொழியிற் பேசினர். ஏட்டைத் தமிழில் எழுதினர். பிறர்மொழி பிறரோடு பேச. தன்மொழி தான் எண்ண. மேலைச்சிவபுரியில் 1917இல் பிறந்து, இளமையில் இரங்கூன் கடையில் வேலைபார்த்த வ. சுப. மாணிக்கனார், பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக உயர்ந்தவர். தமிழ்வழிக் கல்வி இயக்கத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. தமிழில் எண்ணியதால் அவர் தாழ்ந்தாரா?

தமிழிளைஞனே! நாளை காலை செய்யவேண்டிய வேலைகளை ஒரு தாளில் தமிழில் எழுது. முதலில் செய்வது எது, பிறகு செய்வது எது என வரிசைப்படுத்து. ஒவ்வொன்றிற்கும் கெடுவை எழுது. முடித்ததை அடி, முடியாததை நிலுவையில் ஏற்று. மாலையில் குறிப்பைப் பார்த்துப் பேரேட்டில் பதிந்தவர் செய்ததும் இதுவே. தொழிலாளர் அமைப்புகளே! பணியறிவிப்புகள் அனைத்தும் தமிழில் வேண்டுமெனக் கேளுங்கள். கடைக்காரர்களே! கணக்கைத் தமிழுக்குத் திருப்புங்கள்.

ஒழுங்கு உழைப்பில் பிறப்பது. உழைப்பவன் மொழியிலேயே அது வளரும். தமிழன் கை தமிழில் எழுதட்டும். தமிழன் தொழில் தலைநிமிரட்டும்!