கேள்வி கேட்பது கலகம் அன்று



திருச்சபையில் உறுப்பினர்க்கும் தலைமைக்கும் இடையே பிணக்கு எழும்போதெல்லாம் ஒரு வாசகம் தவறாமல் ஒலிக்கும். போதகரைக் கேள்வி கேட்பவன் கடவுளையே கேள்வி கேட்கிறான் என்பதே அது. ஆயர் ஆட்சி முறையில் இயங்கும் சபைகளில் இதற்கு ஏதேனும் விளக்கம் சொல்லலாம். ஆனால், பாப்டிஸ்ட் சபையில் நின்றுகொண்டு ஒருவர் இதைச் சொன்னால், அவர் தம் சபையின் வரலாற்றை அறியாதவர். அல்லது அறிந்தும் மறைப்பவர். வேறு வழியில்லை.

பள்ளி ஆசிரியருக்குச் சபை வழக்கில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பில் அமரும் பிள்ளைதான் ஞாயிறு பள்ளியிலும் அமர்கிறது. பெரியவர்கள் கேள்வி கேட்கத் தயங்கும் இடத்தில் முதலில் அடிபடுவது அந்தப் பிள்ளைதான். இது வெறும் அச்சம் அன்று, நடந்த வரலாறு. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

சபையின் அதிகாரம் யாரிடம்?

பாப்டிஸ்ட் சபைக்கு மேலே பேராயர் இல்லை. தலைமை மாமன்றம் இல்லை. ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது. போதகரை அழைப்பதும் சபை, அனுப்புவதும் சபை. உதவிக்காரரைத் தேர்ந்தெடுப்பது, வரவு செலவை ஏற்பது, உறுப்பினரைச் சேர்ப்பது, நீக்குவது ஆகிய அனைத்தும் உறுப்பினர் கூட்டத்தில் வாக்கெடுத்து முடிவாக வேண்டியவை. இதுவே மரபு.

இம்மரபு எப்படிப் பிறந்தது? 1609ஆம் ஆண்டில், இங்கிலாந்திலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் புலம்பெயர்ந்த ஒரு சிறு கூட்டம் ஜான் ஸ்மித் என்பவரின் தலைமையில் திருமுழுக்கை ஏற்றுச் சபையாயிற்று. பாப்டிஸ்ட் வரலாறு இங்கிருந்தே தொடங்குகிறது. சிறிது காலத்திலேயே ஸ்மித் தம் முடிவு பிழையென்று கருதி, அங்கிருந்த மெனோனைட்டுச் சபையில் இணைய விரும்பினார். தாமஸ் ஹெல்விஸ் முதலிய சிலர் உடன்படவில்லை. என்ன செய்தார்கள்? போதகர் சொல்லே வேதவாக்கென்று பின்தொடர்ந்தார்களா? இல்லை. அந்தச் சிலர் தங்கள் போதகரையே சபையிலிருந்து விலக்கினார்கள். பின்னர், 1612ஆம் ஆண்டளவில் தாயகம் திரும்பி, இலண்டனுக்கு அருகில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்னுமிடத்தில் இங்கிலாந்தின் முதல் பாப்டிஸ்ட் சபையை நிறுவினார்கள். மனச்சான்றின் மீது மன்னனுக்கும் அதிகாரமில்லை என்று எழுதியதற்காக ஹெல்விஸ் நியூகேட் சிறையில் அடைக்கப்பட்டார். 1616ஆம் ஆண்டளவில் மறைந்தார்.

ஸ்மித் சொன்னது சரியா, ஹெல்விஸ் சொன்னது சரியா என்பது வேறு வழக்கு. தலைவரின் முடிவை உறுப்பினர் எடைபோடலாம், மறுக்கலாம் என்பது பாப்டிஸ்ட் சபையின் தொட்டிலிலேயே இருக்கிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. மன்னனுக்கே அஞ்சாதவர்களின் வழிவந்த சபையில், போதகர் அறைக்கதவைத் தட்டவும் அஞ்சுகிறார்களென்றால் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது.

விழுங்கப்பட்ட மூன்றாம் படி

பிணக்கு வந்தால் மத்தேயு 18ஆம் அதிகாரத்தின்படி நடக்க வேண்டும் என்பார்கள். நன்று. அங்கே படிகள் மூன்று. முதலில், குற்றம் செய்தவனிடம் தனியே சென்று பேச வேண்டும். கேளாவிட்டால் ஓரிருவரைச் சாட்சியாக அழைத்துச் செல்ல வேண்டும். அப்போதும் கேளாவிட்டால் சபைக்குத் தெரிவிக்க வேண்டும்.

நடைமுறையில் என்ன நிகழ்கிறது? முதற்படியை வலியுறுத்துவார்கள். இரண்டாம் படிக்கு வருபவரைக் குழு சேர்ப்பவர் என்பார்கள். மூன்றாம் படியை விழுங்கிவிடுவார்கள். சபைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றிருப்பதைப் போதகருக்குத் தெரிவித்தால் போதும் என்று மாற்றிப் படிப்பது யார் கொடுத்த உரிமை? குற்றச்சாட்டே போதகர் மீது என்றால், வழக்கும் அவரிடமே, தீர்ப்பும் அவரிடமே என்றாகிவிடாதா?

அடுத்து, அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே என்னும் எச்சரிக்கை. 105ஆம் சங்கீதத்தில் வரும் அந்த எச்சரிக்கை யாருக்கு விடுக்கப்பட்டது? நாடின்றி அலைந்த சிறு குடும்பத்துக்குத் தீங்கு செய்யாதபடி அரசர்களுக்கு விடுக்கப்பட்டது. எளியோரைக் காக்க வலியோருக்குச் சொன்னதை, எளியோரின் வாயை மூட வலியோர் எடுத்தாள்வது கொடுமையன்றோ! சவுல் மன்னன் கதையையும் காட்டுவார்கள். தாவீது சவுலின்மேல் கைபோடவில்லை என்பது உண்மை. ஆனால், குகையைவிட்டு வெளியே வந்து, மன்னனின் படைவீரர் கேட்க, என்னை ஏன் வேட்டையாடுகிறீர் என்று உரக்கக் கேட்டான். வாளைத்தான் அடக்கினான், வாயை அடக்கவில்லை.

நற்சான்று வேண்டுமாயின் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அன்றாடப் பந்தியில் தங்கள் விதவைகள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் முறுமுறுத்தவரைத் தண்டிக்கவில்லை. ஒற்றுமையைக் கெடுக்காதீர் என்று அருளுரை நிகழ்த்தவில்லை. சபையார் அனைவரையும் கூட்டினார்கள்; நீங்களே எழுவரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைகூறியவர் பக்கமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதை இது காட்டுகிறது. முறையீட்டை இப்படிக் கையாண்ட சபைதான் மேலும் பெருகியது என்று அதே பகுதி சொல்கிறது.

அமெரிக்காவில் நடந்தது

இனி, அண்மைக் கால வரலாறு. அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 1845ஆம் ஆண்டு தோன்றியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட சபைக் கூட்டமைப்பு. 2007ஆம் ஆண்டுக் கூட்டத்தில், பாலியல் குற்றம் புரிந்த ஊழியர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தொகுக்க இயலுமா என ஆராயுமாறு ஒரு முன்மொழிவு வந்தது. 2008இல் செயற்குழு கைவிரித்தது. காரணம்? ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது. மேலமைப்பு அதில் தலையிடலாகாது!

2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலத்தின் இரண்டு நாளேடுகள் உண்மையை வெளியிட்டன. 1998 முதல் ஏறத்தாழ 380 போதகர்கள், ஊழியர்கள், தொண்டர்கள் மீது குற்றச்சாட்டு. 20 ஆண்டுகளில் பாதிக்கப்பட்டோர் 700 பேருக்கு மேல். அவர்களுள் பலர் சிறுவர் சிறுமியர்.

2021ஆம் ஆண்டு ஜூனில் நாஷ்வில் நகரில் 15,000க்கும் மேற்பட்ட பேராளர்கள் கூடினார்கள். செயற்குழுவின் செயலைச் சுதந்திரமான ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும் என்று முன்மொழியப்பட்டது. அம்முன்மொழிவையும் அதே செயற்குழுவுக்கே அனுப்ப ஏற்பாடாயிற்று. பேராளர்கள் ஒப்பவில்லை. கையுயர்த்தி வாக்களித்து அந்த ஏற்பாட்டைத் தள்ளினார்கள்; ஆய்வை மேற்பார்வையிடத் தனிக்குழுவைக் கேட்டுப் பெற்றார்கள். வழக்கறிஞருடன் நடத்திய இரகசியக் கடிதப் போக்குவரத்தையும் ஆய்வாளர்க்குத் திறந்துகாட்ட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். செயற்குழு வாரக்கணக்கில் இழுத்தடித்து, அக்டோபர் 5ஆம் நாள் 44க்கு 31 என்ற வாக்கில் பணிந்தது. அதே மாதத்தில் அதன் தலைவர் பதவி விலகினார்.

2022ஆம் ஆண்டு மே மாதம் ஏறத்தாழ 300 பக்க அறிக்கை வெளிவந்தது. பட்டியல் தொகுக்க இயலாது என்று சொன்ன அதே செயற்குழு அலுவலகத்தில், 2007 முதலே ஒரு பணியாளர் இரகசியமாகப் பட்டியல் தொகுத்து வந்திருக்கிறார்! அதில் 703 பெயர்கள். அவற்றுள் 409 பேர் அக்கூட்டமைப்போடு தொடர்புடையவர்கள் என்று கருதப்பட்டது. முறையிட்டு வந்தவர்களுக்கோ ஆண்டுக்கணக்கில் அலட்சியமும் அவமதிப்பும் கிடைத்தன.

தன்னாட்சி என்பது ஹெல்விஸ் போன்றோர் சிறை சென்று காத்த உரிமை. உறுப்பினரின் மனச்சான்றைக் காக்கப் பிறந்த அதனைத் தலைமையின் கேடயமாக மாற்றியதுதான் இங்கு நடந்த பெரும் பிழை. அதைத் தகர்த்தது எது? பேராளர்கள் உயர்த்திய கை. அதுவும் பாப்டிஸ்ட் மரபுதான். எனினும் கை ஒருமுறை உயர்ந்தால் போதாது. பொதுப் பட்டியல் ஒன்றை அமைக்க 2022இல் பேராளர்கள் ஒப்புதல் அளித்தும், அதற்கென அமைந்த குழு 2024இல் ஒரு பெயரைக்கூட வெளியிடாமலே பணியை முடித்துக்கொண்டது.

உறுப்பினர் பக்கப் பிழைகள்

தலைமையை மட்டும் சாடினால் அது நடுநிலை ஆகாது. உறுப்பினர் கூட்டத்துக்கு வருமாறு அழைத்தால் வராமல், வாகனம் நிறுத்துமிடத்தில் நின்று முணுமுணுப்பவர் எத்தனை பேர்! கணக்கறிக்கை வாசிக்கும்போது கைப்பேசியைத் தடவிவிட்டு, மறுநாள் புலனத்தில் பெயரில்லாக் கடிதத்தைப் பரப்புவது வீரமா? மூன்று குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் அடுத்த தெருவில் புதிய சபை தொடங்குவது தீர்வா? விட்டுச்சென்ற சபையில் குறை அப்படியே இருக்கும். தொடங்கிய சபைக்கும் அதே குறை கூடவே வரும். பெயரிட்டு, சான்றோடு, உரிய அவையில் பேசுபவரே சபையை நேசிப்பவர்.

செய்ய வேண்டியவை

1. குற்றம் வேறு, பிணக்கு வேறு. பிள்ளை மீது கைவைத்ததும், காணிக்கையைக் கையாடியதும் பிணக்கு அல்ல. அவற்றுக்கு மத்தேயு 18ஐக் காட்டி, பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளியிடம் தனியே சென்று பேசச் சொல்வது மாபாதகம். நேரே காவல் துறைக்குச் செல்ல வேண்டும்.

2. போதகர் மீதான முறையீட்டை விசாரிக்கும் கூட்டத்துக்குப் போதகர் தலைமை தாங்கலாகாது. அவர் தம் விளக்கத்தைச் சொல்ல முழு வாய்ப்பு வேண்டும். தீர்ப்பு எழுதும் வாய்ப்பு வேண்டா. 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரம் இரு பக்கத்தையும் காக்கிறது. இரண்டு மூன்று சாட்சியின்றி மூப்பர் மீது குற்றச்சாட்டை ஏற்கக்கூடாது. குற்றம் உறுதியானால் அனைவர் முன்னும் கண்டிக்க வேண்டும்.

3. கூட்ட அறிவிப்பும் நிகழ்ச்சி நிரலும் முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். வாக்கு இரகசியமாக இருக்கட்டும். கூட்டக் குறிப்பை எவரும் கேட்டுப் படிக்கலாம் என்ற நிலை வேண்டும்.

4. சபைக்குள் தீராவிட்டால், இரு தரப்பும் ஏற்கும் வெளி நடுவரை அழைக்க வேண்டும். நடுவரைத் தலைமை மட்டும் தேர்ந்தெடுத்தால் அவர் நடுவர் அல்லர்.

இவையெல்லாம் உலக வழக்கம், ஆவிக்குரியவை அல்ல என்பார் சிலர். உலகெங்கும் சங்கங்கள் பின்பற்றும் கூட்ட நடைமுறை நூலை எழுதிய ஹென்றி ராபர்ட் யார்? அமெரிக்கப் படைப் பொறியாளர், பாப்டிஸ்ட். 1863இல் மாசசூசெட்ஸ் மாநிலம் நியூ பெட்ஃபோர்டில் பாப்டிஸ்ட் சபைக் கூட்டமொன்றுக்குத் தலைமை தாங்கி, அது கூச்சலில் முடிந்ததைக் கண்டு, இனி முறை தெரியாமல் தலைமை ஏற்பதில்லை என்று உறுதிபூண்டார். அதன் விளைவே 1876இல் வெளிவந்த அவருடைய விதிநூல். முறைமை என்பது சபைக்குள் வெளியிலிருந்து புகுந்ததன்று. சபையின் சண்டையிலிருந்தே உலகுக்குச் சென்றது!

பெற்றோரே, உங்கள் சபையின் அடுத்த உறுப்பினர் கூட்டம் எந்நாள் என்று கேளுங்கள். ஞாயிறு பள்ளிக்குப் பொறுப்பானவர் யார், அவரை விசாரித்துச் சேர்த்தவர் யார் என்று கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிப்பார்களாயின், அடுத்த கேள்வியை எழுத்தில் கொடுங்கள். அது கலகம் அன்று. உறுப்பினர் என்ற முறையில் உங்கள் கடமை.