நினைவகம் மிகுதியானால் பக்கக்கோப்பு வேண்டாமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

"ரேம் தாராளமாக இருக்கும்போது வன்தட்டில் எதற்கு வீணாக ஓர் இடத்தை ஒதுக்க வேண்டும்? அதை நிறுத்திவிட்டால் கணிப்பொறி இன்னும் வேகமாக ஓடுமே!" இப்படிக் கூறுவோர் நம்மிடையே பலர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கூற்று தவறானது என்பதே என் கருத்து. வெறும் ஏட்டளவிலான விவாதமாக இருந்திருந்தால் அதற்கு ஆண்டு மலரின் பக்கங்களை நான் கேட்டிருக்க மாட்டேன். நம் ஆய்வக மாணவரின் உழைப்பு இதில் சிக்கியிருக்கிறது.

நம் துறைக்கு 16 ஜி.பி. ரேம் கொண்ட புதிய கணிப்பொறிகள் வந்ததை யாவரும் அறிவர். அவற்றைப் பொருத்த வந்த சர்வீஸ் இன்ஜினியர், விண்டோஸின் மெய்நிகர் நினைவகப் பகுதிக்குச் சென்று, "நோ பேஜிங் ஃபைல்" என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். அன்று முதல், மூன்றாம் ஆண்டு அண்ணன்மாரும் அக்காமாரும் தங்கள் செயல்திட்டத்திற்காக ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, அதன் எமுலேட்டர், உலாவி ஆகிய மூன்றையும் ஒருசேரத் திறந்தால், சற்று நேரத்தில் "நினைவகம் போதவில்லை" என்ற அறிவிப்பு வருகிறது. ஏதேனும் ஒன்று தானே மூடிக்கொள்கிறது. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தாலோ 5 ஜி.பி. காலியாகவே இருக்கிறது! ரேம் பழுது என்று கழற்றித் துடைத்து மாட்டியும் பார்த்தாகிவிட்டது. சொந்தக் கணிப்பொறி உள்ளவர் வீட்டுக்குப் போய் விட்ட வேலையைத் தொடரலாம். வாரத்தில் இரண்டு செய்முறை வகுப்புகளே கதி என்றிருக்கும் நம்மில் பாதிப்பேருக்குச் சேமிக்காமல் போன வேலை போனதுதான்.

காலியாக இடம் இருக்கும்போதே "போதவில்லை" என்று கணிப்பொறி சொல்லுமா? சொல்லும். அதற்குக் காரணம் உண்டு.

ஒரு நிரல் நினைவகம் கேட்கும்போது விண்டோஸ் உடனே ரேமை எடுத்துக் கொடுத்துவிடுவதில்லை. "தருகிறேன்" என்று உறுதி மட்டுமே அளிக்கிறது. நிரல் அந்த இடத்தை முதன்முதலாகத் தொடும்போதுதான் 4 கே.பி. அளவுள்ள ஒரு பக்கம் ரேமில் ஒதுக்கப்படுகிறது. பல நிரல்கள் கேட்டதில் பெரும்பகுதியைத் தொடுவதே இல்லை. ஆயினும் விண்டோஸ் வாக்குத் தவறாதது. கொடுத்த உறுதிகளின் மொத்தம், ரேமும் பக்கக்கோப்பும் சேர்ந்த அளவைத் தாண்ட அது ஒருபோதும் விடாது. இதற்குத்தான் கமிட் லிமிட், அதாவது உறுதி வரம்பு என்று பெயர்.

என் தந்தையார் பந்தல் போடும் தொழிலாளி. ஆதலால் எனக்கு இது பந்தல் கணக்காகவே புரிந்தது. ஒரு மண்டபத்தில் 400 பேருக்கு இடம் இருக்கிறது. மண்டபக்காரர் கண்டிப்பானவர், பத்திரிகை வைக்கும் ஒவ்வொருவருக்கும் இருக்கை உண்டு என்று காட்டினால்தான் பத்திரிகை வைக்கவே விடுவார். அப்படியானால் 401ஆவது உறவினரை அழைக்க முடியாது. பக்கத்துத் திடலில் 200 பேருக்கு ஒரு பந்தல் போட்டுவிட்டால் 600 பேரை அழைக்கலாம். முகூர்த்தத்தன்று வந்தவர்களோ 300 பேர். அனைவரும் மண்டபத்துக்குள்ளேயே அமர்ந்து உண்டுவிட்டனர். பந்தலில் ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்தப் பந்தல் இருந்ததால்தான் அத்தனை பேரை அழைக்க முடிந்தது. ("ஆளே உட்காராத பந்தலுக்கு இவ்வளவு கூலியா?" என்ற பேச்சைத் தந்தையார் கேட்காத முகூர்த்தம் குறைவு.)

நம் ஆய்வகத்திலும் இதுவே நடக்கிறது. ரேம் 16 ஜி.பி.; பக்கக்கோப்பு இல்லை. ஆகவே வரம்பும் ஏறத்தாழ 16 ஜி.பி.தான். திறந்திருக்கும் நிரல்கள் 15 ஜி.பி.க்கு உறுதி பெற்றுக்கொண்டு 11 ஜி.பி.யை மட்டுமே தொட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எமுலேட்டர் மேலும் 2 ஜி.பி. கேட்டால் மறுக்கப்படும். 5 ஜி.பி. ரேம் எவருக்கும் பயன்படாமல் சும்மா கிடக்கும். 8 ஜி.பி.க்கு ஒரு பக்கக்கோப்பு இருந்திருந்தால் வரம்பு 24 ஜி.பி. ஆகியிருக்கும், கேட்டது கிடைத்திருக்கும், தட்டில் ஏறக்குறைய ஒன்றுமே எழுதப்பட்டிராது.

பக்கக்கோப்பு வேகத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் அடியோடு பொய்யன்று. ரேமிலிருந்து ஒரு செய்தியைப் பெற ஏறத்தாழ 100 நானோ வினாடி ஆகுமென்றால், எஸ்.எஸ்.டி.யில் அதைப்போல் ஆயிரம் மடங்கும், சுழலும் வன்தட்டில் இலட்சம் மடங்கும் ஆகலாம். 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட அட்லஸ் கணிப்பொறியில்தான் இந்த மெய்நிகர் நினைவகம் முதலில் செயலுக்கு வந்தது. டாம் கில்பர்ன் குழுவினர், 16 ஆயிரம் சொற்கள் கொண்ட காந்த உள்நினைவகத்தையும் 96 ஆயிரம் சொற்கள் கொண்ட சுழல் உருளையையும் இணைத்து, நிரல் எழுதுபவருக்கு இரண்டும் ஒன்றே போல் காட்டினர். பக்கம் ஒன்றுக்கு 512 சொற்கள். அக்காலத்தில் நினைவகம் பொன்போல் அரிது. ஆகவே பக்கங்கள் ஓயாமல் போய்வந்தன. அவ்வாறு போய்வருவதிலேயே பொழுது கழிந்து வேலை நின்றுபோகும் நிலைக்குத் த்ராஷிங் என்று பெயர். 1968இல் பீட்டர் டென்னிங் அதன் காரணத்தை விளக்கினார். நிரல்களுக்கு அந்நேரம் உண்மையாகவே தேவைப்படும் பக்கங்கள் ரேமில் அடங்காததே அந்தக் காரணம். கோப்பு இருப்பதால் அந்த நிலை வருவதில்லை. கோப்பை நீக்குவதால் ரேம் ஒரு பைட்டும் கூடுவதும் இல்லை.

எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடும் என்பார் சிலர். ரேம் மிகுதியாக உள்ள கணிப்பொறியில் பக்கக்கோப்பில் எழுதுவதே மிகக் குறைவு என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்கு எதிர்ப்புறம் நிற்போர் சொல்லும் விதியும் எனக்கு உடன்பாடன்று. "ரேமைப் போல் ஒன்றரை மடங்கு வை" என்று பழைய கையேடுகளில் உண்டு. நம்மில் சிலர் அதைத் தேர்வு விடையாகவே மனப்பாடம் செய்கிறோம். 64 ஜி.பி. ரேம் உள்ள கணிப்பொறிக்கு இவ்விதிப்படி 96 ஜி.பி. கோப்பு வேண்டும். 256 ஜி.பி. தட்டில் அது எங்கே போய் உட்காரும்? ரேம் கூடக்கூடத் தேவை குறைய வேண்டுமே தவிர, எப்படி ஏறும்? "வேண்டவே வேண்டாம்" என்பவரும் "ஒன்றரை மடங்கு" என்பவரும் ரேமை மட்டுமே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, நம் நிரல்கள் பெறும் உறுதியின் உச்ச அளவை.

அதைப் பார்ப்பது எளிது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் "கமிட்டெட்" என்பதன் கீழ் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது கொடுத்துள்ள உறுதி, இரண்டாவது வரம்பு. வேலை மிகுந்த ஒரு வாரம் அந்த முதல் எண் எவ்வளவு உயர்கிறது என்று குறித்து வந்தாலே போதும். உச்சம் 19 ஜி.பி. என்றால், 16 ஜி.பி. ரேமுடன் 4 ஜி.பி. கோப்பு வைப்பது மயிரிழையில் தப்புவதாகும், 8 ஜி.பி. வைக்கலாம். 64 ஜி.பி. கணிப்பொறியில் உச்சம் 20ஐத் தாண்டவில்லை என்றால் சிறிய கோப்பே போதும். அப்போதும் அடியோடு நீக்க வேண்டாம். விண்டோஸ் நிலைகுலைந்து நீலத்திரை வரும்போது, காரணம் அறிய உதவும் பதிவை எழுதப் பொதுவாக அக்கோப்பு தேவைப்படுகிறது.

லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர்களுக்குக் கணக்கு சற்று வேறு. அது தாராளமாக உறுதி கொடுத்துவிட்டு, நிறைவேற்ற முடியாதபோது ஏதேனும் ஒரு நிரலைக் கொன்றுவிடும். அங்கும் சிறிதளவு ஸ்வாப் இருப்பது நல்லதென்பேன். அது இல்லாவிடில், நெருக்கடியில் எவரும் தொடாத பழைய தரவை வெளியேற்ற வழியின்றி, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பக்கங்களையே வெளியேற்றி, மீண்டும் தட்டிலிருந்து படிக்க நேரும்.

இவ்வளவும் அளந்து பார்க்க நேரம் இல்லாதவர், அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளும் என்ற பெட்டியில் குறியிட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தேவைக்கேற்ப அது கோப்பை வளர்த்துக்கொள்ளும். பலர் பயன்படுத்தும் ஆய்வகத்திற்கு அதுவே ஏற்றது என்று துறைப் பேராசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்கிறேன். கணிப்பொறி ஒன்றுக்கு ஐந்து நிமிடமும் மறுதொடக்கம் ஒன்றும் ஆகும். மூன்றாம் ஆண்டினரின் செயல்திட்டத் தேர்வுக்கு முன்னதாக ஒரு சனிக்கிழமை ஆய்வகச் சாவி கிடைத்தால், நானும் என் வகுப்பு நண்பர்கள் மூவரும் வந்து அனைத்தையும் மாற்றிக் கொடுக்க அணியமாய் இருக்கிறோம்.