தெரிஞ்சுக்கோங்க: புளி போட்டு விளக்கைக் கழுவலாம்... மண்ணைக் கழுவ முடியுமா?

கறுத்துப்போன பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும். புளியில் உள்ள அமிலம், உலோகத்தின் மேல் படிந்த கறையைக் கரைத்துத் தண்ணீரோடு கொண்டுபோய்விடும். இதேபோல மண்ணில் கலந்த ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களையும் கழுவி எடுக்க முடியுமா?

முடியும். ஆனால், கழுவிய தண்ணீரை என்ன செய்வது என்பதில்தான் சிக்கலே!

மக்காத ஈயம்

வடசென்னையின் பேசின் பிரிட்ஜில் ரயில் யார்டு, மின் நிலையம், ஓட்டேரி நல்லா வந்து சேரும் பக்கிங்ஹாம் கால்வாய் என எல்லாமே குடியிருப்புகளை ஒட்டித்தான் இருக்கின்றன. அங்கே நிலக்கரி எரித்த பழைய மின் நிலையம் போய், 1996-ல் 120 மெகாவாட் காஸ் டர்பைன் நிலையம் வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது. பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2017-ல் அமலுக்கு வந்தது. ஆனாலும், எப்போதோ மண்ணில் விழுந்த ஈயம் மக்காது.

மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ‘இவ்வளவு இருந்தால் பரவாயில்லை’ என்று சொல்லும் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நண்டுப் பிடி

உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் ரசாயனங்களுக்குப் பெயர் ‘கீலேட்டிங் ஏஜென்ட்’. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர் இது. இவற்றில் பிரபலமானது இ.டி.டி.ஏ. ரத்தப் பரிசோதனைக்கான ஊதா மூடிக் குழாயில் இருப்பது இதுதான். ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும். மண்ணில் ஊற்றினால், ஒட்டிக்கிடக்கும் ஈயத்தைப் பிடித்துத் தண்ணீரில் கரைய வைக்கும்.

தண்ணீர் எங்கே போகும்?

அப்படியே தரையில் ஊற்றினால், அதுவரை மண்ணோடு கிடந்த ஈயம் நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். இ.டி.டி.ஏ சீக்கிரம் சிதையவும் செய்யாது. மண்ணுக்குத் தேவையான இரும்பு, துத்தநாகச் சத்துகளையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும்.

அதனால்தான், ஈயச் சுரங்கம் இருந்த ஸ்லோவேனியாவின் மெஜா பள்ளத்தாக்கில் வேறு வழியைக் கண்டுபிடித்தார்கள். மண்ணைத் தோண்டி ஆலைக்குள் கொண்டுபோய்க் கழுவி, உலோகத்தைப் பிரித்தெடுத்து, அதே கரைசலை மறுபடியும் பயன்படுத்தினார்கள்.

நம் கொடைக்கானலில், 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணில் பாதரசம் கலந்திருந்தது. அங்கே தேர்வானது, மண்ணைக் கழுவிச் சூடேற்றிப் பாதரசத்தைப் பிரிக்கும் முறை. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் என்ற இலக்கு போதுமா என்ற சர்ச்சை பல ஆண்டுகள் ஓடியது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* மண்ணைச் சுத்தம் செய்ய நீங்களாக எந்த ரசாயனத்தையும் ஊற்றாதீர்கள்.
* செருப்பை வாசலிலேயே விடுங்கள். தரையை ஈரத் துணியால் துடையுங்கள்.
* சாப்பிடும் முன் குழந்தைகளின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.
* கீரையைத் தொட்டியில், வேறு நல்ல மண்ணில் வளருங்கள்.
* கேழ்வரகு, முருங்கைக்கீரை கொடுங்கள். கால்சியமும் இரும்புச்சத்தும் போதுமான அளவு இருந்தால், உடல் ஈயத்தை உறிஞ்சுவது குறையும்.
* சந்தேகம் இருந்தால், குழந்தையின் ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

நாளை உங்கள் தெருவில் ‘மண்ணைச் சுத்தம் செய்கிறோம்’ என்று யாராவது வந்தால், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: “கழுவின தண்ணியை எங்கே விடப்போறீங்க?”