முறை மாறும் நாளில் எவரும் விடுபடலாகாது

பழவேற்காடு ஏரியோர ஊர்களிலிருந்து நம் மருத்துவமனைக்கு வருவோர் 'பாடு' என்னும் சொல்லை நன்கு அறிவர். இறால் கிடைக்கும் நீர்ப்பகுதியில் இன்று யார் வலை இடுவது, அடுத்து யார் இடுவது என முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. தம் முறையையும் அடுத்தவர் முறையையும் அனைவரும் அறிந்திருப்பதே அதன் வலிமை. ஒருவர் பெயர் விடுபட்டால் அன்றே கேள்வி எழும்.

முன்பதிவுக் கணினியில் விடுபட்ட பெயருக்காகக் கேள்வி கேட்க எவரும் இல்லை. நம் முன்பதிவு மென்பொருள் இப்போது முற்றிலும் திருத்தி எழுதப்படுகிறது. திரையின் தோற்றம் பெரிதும் மாறாது. நாளும் நேரமும் ஒதுக்கும் உட்பகுதி முழுவதும் புதிது. மாற்றம் தேவைதான். ஆனால் எல்லாப் பிரிவுகளிலும் ஒரே நாளில் மாற்றுவதை நான் ஏற்கவில்லை.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசுத் துறை, 2020 அக்டோபரில் ஸ்போகேன் நகர மருத்துவமனையில் புதிய கணினி முறையைத் தொடங்கியது. மருத்துவர்கள் பதிந்த 11,000-க்கும் மேற்பட்ட ஆணைகள் உரிய பிரிவைச் சேராமல், எவரும் கவனிக்காத ஒரு வரிசையில் தேங்கின. பதிந்த மருத்துவர்களுக்கு அது தெரியவில்லை. நோயாளர் பலர் தீங்குற்றனர். 2022-இல் அரசின் ஆய்வறிக்கையே இதனை வெளிப்படுத்தியது. 2023 ஏப்ரலில் அம்முறையை மேலும் விரிவாக்குவது நிறுத்திவைக்கப்பட்டது.

சிறுநீரக மருத்துவனாகிய எனக்கு இது தொலைதூரச் செய்தியன்று. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் பெறுபவருக்கு ஒரு முறை தவறினாலே நீர் தேங்கி மூச்சுத் திணறலாம். பொட்டாசியம் மிகுந்து இதயம் நின்றுவிடவும் கூடும்.

ஆகவே, சில நாள் தாமதத்தைத் தாங்கக்கூடிய ஒரு பிரிவில் முதலில் தொடங்குவோம். டயாலிசிஸ் பிரிவைக் கடைசியில் மாற்றுவோம். அதுவரை பழைய பதிவேடும் உடன் இயங்கட்டும். ஒவ்வொரு மாலையும் இரு பட்டியல்களையும் பெயர் பெயராக ஒப்பிட வேண்டும். பிழை தொடர்ந்தால் அன்றே பழைய முறைக்குத் திரும்பும் வழியும், அம்முடிவை எடுப்பவர் யார் என்பதும் முன்பே உறுதியாக வேண்டும். செவிலியருக்கும் பதிவு எழுத்தருக்கும் இது இரட்டை வேலை என்பதை மறுக்கவில்லை. அந்தச் சில வாரங்களுக்குக் கூடுதல் ஆள் தருவது நிர்வாகத்தின் கடமை.

நோயாளர்களுக்கும் குடும்பத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்து வர வேண்டிய நாளை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்ப வேண்டாம். கைப்பேசி தொழிலுக்குச் சென்றவரிடம் இருக்கக்கூடும். வீட்டில் இருப்பவரின் எண்ணையும் பதியச் சொல்லுங்கள். "கணினியில் உங்கள் பெயர் இல்லை" என்றால் திரும்பிச் செல்லாதீர்கள். அட்டையைக் காட்டிப் பிரிவுச் செவிலியரை அழைக்கச் சொல்லுங்கள்.

அட்டையுடன் வந்த எவரையும் அன்று பார்க்காமல் திருப்பி அனுப்பலாகாது. புதிய முறை தொடங்குமுன் இதனை எழுத்துப்பூர்வமான விதியாக்க வேண்டும் என்று நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.