நாடில்லாத அரசிகள்

நிகண்டுகளில் அரசனுக்குப் பெயர்ப் பஞ்சமே இல்லை. கோ, வேந்தன், மன்னன், கொற்றவன், காவலன், புரவலன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றில் பல, குணத்தைச் சொல்லும் பெயர்கள். காப்பவன் காவலன். கொடுத்துப் பேணுபவன் புரவலன். கொற்றம் உடையவன் கொற்றவன். இதே குணங்கள் உள்ள பெண்ணை எப்படி அழைப்பது? காவலனுக்குப் பெண்பால் தேடிப் பாருங்கள், கிடைக்காது. கொற்றவனுக்கு உண்டு, கொற்றவை. ஆனால் அவள் தெய்வம். வெல்லும் பெண்ணைப் பீடத்தில் ஏற்றிவிட்டால் வீட்டில் அவளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை அல்லவா!

மிஞ்சுபவை தேவி, கோப்பெருந்தேவி, பட்டமகிஷி போன்றவை. அரசனுக்கு அவள் என்ன உறவு என்பதற்கு மேல் இவை எதுவும் சொல்வதில்லை. பூதப்பாண்டியன் இறந்தபோது, தீப்பாய வேண்டாம் என்று தடுத்த சான்றோரோடு வாதாடிய அவன் மனைவியின் பாடல் புறநானூற்றில் இருக்கிறது. கைம்மை நோன்பு எப்படிப்பட்ட வாழ்க்கை என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லும் பாடல் அது. பாடல் பிழைத்தது, பெயர் பிழைக்கவில்லை. அவரைப் பெருங்கோப்பெண்டு என்றே குறிக்கிறோம். அரசனின் பெருந்தேவி, அவ்வளவுதான்.

வேந்தனிடம் குறையவே கூடாத நான்கு என வள்ளுவர் இறைமாட்சியில் சொல்பவற்றில் முதலாவது அஞ்சாமை. ஈகை, அறிவு, ஊக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான். தொல்காப்பியம் பெண்ணுக்கு வகுத்தவற்றில் முதலாவது அச்சம். இந்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஆள வேண்டுமானால் அஞ்சக் கூடாது, பெண்ணாக இருக்க வேண்டுமானால் அஞ்ச வேண்டும். அது களவொழுக்கத்தில் தலைவிக்குச் சொன்னது, எல்லாப் பெண்களுக்கும் அல்ல என்று புலவர்கள் சமாதானம் சொல்வார்கள். சரி, கல்யாண மேடையில் அச்சம், நாணம், மடம் என்று வாழ்த்துரை வழங்குகிறவர்களில் எத்தனை பேர் களவியலை நினைவூட்டிவிட்டுப் பேசுகிறார்கள்?

அஞ்சாமல் ஆண்டவருக்கும் என்ன பட்டம் கொடுத்தோம்? 1772இல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்த வேலு நாச்சியார், எட்டு ஆண்டுகள் படை திரட்டி, 1780இல் சிவகங்கையை மீட்டு ஆண்டார். அவரை நாம் வீரமங்கை என்கிறோம். பெண்ணின் ஏழு பருவங்களில் மங்கை என்பது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. நாட்டை மீட்டபோது அவருக்கு வயது ஐம்பது. அந்தப் பருவப் பட்டியலோ நாற்பதில் பேரிளம்பெண்ணோடு முடிந்துவிடுகிறது. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அதில் இடமே இல்லை, அதனால் சிறுமியாக்கிவிட்டோம் போலும். வீரபாண்டிய கட்டபொம்மனை வீரச்சிறுவன் என்று யாராவது சொன்னால் ஊர் சும்மா இருக்குமா?

இவ்வளவு கஞ்சத்தனம் காட்டும் மொழி ஒரே ஓர் இடத்தில் மட்டும் அரசி பட்டத்தை வாரி வழங்குகிறது. இல்லத்தரசி. விடிவதற்கு முன் எழுந்து, எல்லோரும் சாப்பிட்ட பின் மிச்சத்தைச் சாப்பிட்டு, கடைசியாகப் படுப்பவருக்கு இந்த மகுடம். எந்த அரசி தன் அரண்மனைக்குத் தானே பத்துப் பாத்திரம் தேய்த்தாள்? இந்த அரசியின் பெயரில் பெரும்பாலும் வீட்டுப் பத்திரம் இருக்காது, செலவுக்குக் கேட்டு வாங்க வேண்டும், தாய்வீட்டுக்குப் போகவும் அனுமதி வேண்டும். கூலி கொடுக்க மனமில்லாதவர்கள் கண்டுபிடித்த பட்டம் இது. 2023 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது தமிழக அரசு அதற்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தது. தொகை சிறிது. ஆனால் ‘உரிமை’ என்ற சொல், நூறு ‘அரசி’களைவிட நேர்மையானது. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதும் தோழிகளிடம் நான் சொல்வது, ‘வீட்டு வேலை, சம்பளம் இல்லை’ என்று எழுதுங்கள். கட்டம் போதாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள்.

தமிழில் சொல் இல்லை, என்ன செய்வது என்று கை விரிப்பவர்களுக்கு ஒன்று. வசந்தி தேவி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் பொறுப்பேற்றபோது அவரைத் துணைவேந்தர் என்றுதான் அழைத்தார்கள். வேந்தருக்குப் பெண்பால் என்ன என்று யாரும் அகராதியைத் தேடி ஓடவில்லை, இலக்கணமும் இடிந்து விழவில்லை. அடுத்த முறை சிவகங்கை வரலாற்றை எழுதுகிறவர்கள், வேந்தர் வேலு நாச்சியார் என்றே எழுதலாம்.